ரெண்டு மூட்டை வெட்டுத் துணி இருக்கு, யோசனைதான் வரல

ஒரு வாசகி கேட்டது, 8 ஜூன்

டெய்லர் கடையில இருந்து ரெண்டு மூட்டை வெட்டுத் துணி வாங்கி வச்சிருக்கேன். வீட்டுப் பழைய வேட்டி, சட்டை தனியா இருக்கு. இதையெல்லாம் வச்சு ஒரு க்வில்ட், அதாவது துண்டு துண்டா சேத்துத் தைக்கிற போர்வை, தைக்கணும். மாடர்ன் க்வில்ட்னு தேடினா வெள்ளைத் துணியில நாலு கோடு. ஸ்க்ராப் க்வில்ட்னு தேடினா கண் கூசுற கலர். என்கிட்ட இருக்கிற துணி ரெண்டுலயும் சேரல. எனக்குக் கற்பனையே கிடையாதுன்னு தோணுது. நீங்கெல்லாம் யோசனையை எங்கேருந்து எடுக்கிறீங்க?

8 ஜூன், மாலை

முதல்ல அந்தப் படங்களை மூடி வைங்க. மூட்டையைத் தரையில கொட்டுங்க. கலர் பிரிக்க உக்காராதீங்க. எல்லாரும் அதைத்தான் முதல்ல செய்வாங்க, சிவப்புக் குவியல் பெருசாகி பச்சை நாலே துண்டுன்னு தெரிஞ்சதும் சோர்ந்து போவாங்க. உருவத்தை வச்சுப் பிரிங்க.

வெட்டுத் துணிக்குன்னு ஒரு உருவம் உண்டு, அது எந்தக் கடையில விழுந்ததோ அந்தக் கடையோட உருவம். ப்ளவுஸ் கடை மூட்டைன்னா கழுத்து வெட்டுல விழுந்த அரை நிலா, கைக்குழியில விழுந்த பிறை, ஓரத்துல நீளமா ஒரு கோணல் பட்டை. சட்டை தைக்கிற கடைன்னா நேர்ப் பட்டைதான் அதிகம். உள்பாவாடை தைக்கிறவங்ககிட்ட ஒல்லியா நீள முக்கோணம் கிடைக்கும். இதையெல்லாம் சதுரமா வெட்டி நேராக்கினா பாதி குப்பைக்குப் போகும், மீதி எல்லாரோட க்வில்ட் மாதிரியே இருக்கும். அரை நிலாவா வந்ததை அரை நிலாவாவே வச்சுப் பாருங்க.

என் வீட்டுச் சுவத்துல ஒண்ணு தொங்குது. கழுத்து வெட்டுத் துண்டுகள் மட்டும்தான், எல்லாம் ஒரே பக்கம் பாத்து வரிசையா, அடியில காடாத் துணி. வர்றவங்க இது என்ன டிசைன்னு கேப்பாங்க. ஊர்ல யார் யார் எவ்வளவு இறக்கிக் கழுத்து வச்சாங்கன்னு ஒரு கணக்குன்னு சொல்வேன்.

8 ஜூன், இரவு

ஒண்ணு விட்டுப்போச்சு. பிரிக்கிறதுக்கு முன்னாடி சிந்தெட்டிக்கைக் களையணும். சந்தேகமா இருந்தா ரெண்டு நூல் உருவிக் கொளுத்துங்க. பருத்தி காகிதம் எரியுற வாசனையோட சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியா உருண்டு கெட்டியாயிரும். ஜார்ஜெட், ஷிஃபான் எல்லாம் தனிப் பை. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டா சுருங்கும், பக்கத்துத் துண்டையும் சேத்து இழுக்கும். பனியன் துணியும் வேண்டாம், அது எந்தப் பக்கமும் இழுபடும். திருப்பூர்க் கட்டிங் வேஸ்ட் ஒர்க்‌ஷாப்ல கை துடைக்கப் போகுதே, அங்கேயே போகட்டும்.

11 ஜூன்

"மாடர்ன்னா வெத்து இடம், அவ்வளவுதானே"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அவ்வளவுதான் இல்ல. ஆனா ஏன் அப்படித் தோணுதுன்னு புரியுது.

மாடர்ன் க்வில்ட்னு இன்னைக்கு நாம சொல்றது ஒரு அடையாளமா உருவானது ரொம்பச் சமீபத்துலதான். அமெரிக்காவுல மாடர்ன் க்வில்ட் கில்டுன்னு ஒரு சங்கம் 2009ல ஆரம்பிச்சது. 2013ல டெக்சாஸ் ஆஸ்டின்ல முதல் க்வில்ட்கான். வெறும் ஒரே நிறத் துணி, பெரிய வெத்து இடம், அளவெடுக்காம வெட்டிச் சேர்க்கிறது, கட்டம் கட்டமா அடுக்குற பழக்கத்தை உடைக்கிறது, இதெல்லாம் அவங்க பேசின லட்சணம். வலையில வர்ற படங்கள்ல பாதி அந்த வழியில வந்ததுங்க. வெள்ளைப் பின்னணி போட்டோவுல நல்லா விழும், அதனால அதுவே கண்ணுல படுது.

ஆனா வேர் அதுக்கு ரொம்பப் பின்னாடி போகுது. 1971ல நியூயார்க் விட்னி மியூசியத்துல பழைய அமெரிக்க க்வில்ட்களைச் சுவத்துல ஓவியம் மாதிரி மாட்டிக் காட்டினாங்க. ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப்னு ரெண்டு பேர் சேகரிச்சது. படுக்கையில கிடந்த போர்வையைச் சுவத்துக்குத் தூக்கினதும் எல்லாரும் அரூப ஓவியம், அதாவது எந்தப் பொருளையும் வரையாம வெறும் வடிவமும் கலருமா இருக்கிற ஓவியம்னு வியந்தாங்க. தைச்ச கைகளுக்கு அது அரூபம்னு யாரும் சொல்லித் தரல.

அப்புறம் ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அதை இப்ப ஒரு வரியில எழுத மனசில்ல. நாளைக்கு.

12 ஜூன்

ஜீஸ் பெண்ட் அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல, வில்காக்ஸ் கவுண்டியில இருக்கு. மூணு பக்கமும் அலபாமா ஆறு வளைச்சுப் போகும். அங்கே இருக்கிறவங்க பெரும்பாலும் பெட்வே பண்ணையில அடிமையா வச்சிருந்தவங்களோட வாரிசுகள். அதான் ஊர்ல நிறையப் பேருக்குப் பெட்வேன்னு குடும்பப் பேர். கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்குப் பதிவு பண்ணக் கிளம்பின காலத்துல, 1962ல, ஆத்தைக் கடக்கிற படகை நிறுத்திட்டாங்க. திரும்ப ஓடினது 2006ல. இடையில டவுனுக்குப் போகணும்னா சுத்திக்கிட்டுப் போகணும்.

அந்தப் பெண்கள் தைச்சது குளிருக்கு. கிழிஞ்ச வேலை உடுப்பு, மாவு மூட்டைத் துணி, கையில எது இருந்ததோ அது. அவங்க க்வில்ட் 2002ல ஹூஸ்டன் மியூசியத்துல, அப்புறம் விட்னியில வந்தப்ப உலகமே திரும்பிப் பாத்தது. 2006ல தபால்தலையாவும் வந்தது.

நான் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிறது வேலை உடுப்பு க்வில்ட்களை. வெயில்லயும் துவையல்லயும் வெளுத்த ஜீன்ஸ் கால்களை அப்படியே நீளமா வச்சுச் சேத்திருப்பாங்க. முட்டி இருந்த இடம் வெளிறியிருக்கும். பாக்கெட்டைப் பிரிச்சு எடுத்த இடம் மட்டும் வெயில் படாம கருநீலமா, பாக்கெட் வடிவத்துலயே நிக்கும். யாரும் அந்த டிசைனை யோசிக்கல, போட்டுத் தேய்ச்ச உடம்பு பண்ணின டிசைன் அது. ஆனா அந்தக் கருநீலம் எங்கே விழணும்னு முடிவு பண்ணினது ஒரு கை. மிசௌரி பெட்வே 1942ல தன் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் வேலைக்குப் போட்ட துணியை வச்சுத் தைச்சது இந்த வகைதான்.

கேட்ட கேள்விக்கு வர்றேன். இதைப் பாத்து "ஆஹா, எப்படி வேணா தைக்கலாம் போல"ன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. நல்லா கவனிச்சா அங்கே ஒரு கறாரான சட்டம் இருக்கு. அவங்க ஹவுஸ்டாப்னு சொல்ற அமைப்பையே எடுத்துக்குங்க. நடுவில ஒரு துண்டு, அதைச் சுத்திச் சுத்திப் பட்டை, ஓரம் வர்ற வரைக்கும். அவ்வளவுதான் சட்டம். ஊர் முழுக்க அதையே தைச்சாங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. பட்டை பத்தலைன்னா வேற துணியை ஒட்டி நீட்டினாங்க, அந்த ஒட்டுதான் நம்ம கண்ணை இழுக்குது. சட்டம் இல்லாம இருந்தா அந்த ஒட்டு வெறும் ஒட்டாப் போயிருக்கும்.

இன்னொண்ணு. அந்த வட்டாரப் பெண்கள் 1966ல ஃப்ரீடம் க்வில்டிங் பீன்னு ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. 1972ல சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் துணியில தலையணை உறை தைச்சுக் குடுக்கிற ஒப்பந்தம் கிடைச்சது. மிச்சம் விழுந்த கார்டுராய் வீடுகளுக்கு வந்தது. பொன் மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்புன்னு அந்தக் காலத்துச் சோபா கலர்தான் எல்லாம். வேற கலர் அதிகமில்ல. அந்தக் கார்டுராய்ல வந்த க்வில்ட்களுக்குன்னு தனி அழகு இருக்கு.

அதனால உங்க ரெண்டு மூட்டையில ஒண்ணைக் கட்டிப் பரண்ல போடுங்க. நிறைய இருக்கிறதுதான் உங்க சிக்கல்.

12 ஜூன், கொஞ்சம் கழிச்சு

"பரண்ல போட்டா எலி கடிக்கும்." சரி, பீரோவுல போடுங்க.

15 ஜூன்

ஹவுஸ்டாப் தைச்சுப் பாத்த ஒருத்தங்க ஓரம் அலையலையா வருதுன்னு எழுதியிருக்காங்க. துணியைக் குறுக்குச் சாய்வா வெட்டின பட்டை கலந்திருக்கும், அது இழுபடும். அடியில காகிதம் வச்சுத் தைங்க. பழைய நோட்டுத் தாள் போதும். செய்தித்தாள்ல இஸ்திரி போட்டா மை ஒட்டும். தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைச்சுக்கிட்டா அப்புறம் தாளைக் கிழிக்கிறது சுலபம்.

தையலுக்குக் கால் இன்ச் விட்டாப் போதும். நம்ம டெய்லர் கணக்குல உள்ளே நல்லா விட்டாத்தான் திருப்தி, நாளைக்கு உடம்பு பெருத்தா பிரிச்சு விடணுமே. போர்வை பெருக்காதுங்க.

17 ஜூன்

கலரைப் பத்தி நான் எதுவும் சொல்லலைன்னு கோபம். சொல்றேன். கலர் பொருந்துதான்னு பாக்காதீங்க, வெளிச்சம் இருட்டைப் பாருங்க. துண்டுகளைத் தரையில அடுக்கி, போன்ல கறுப்பு வெள்ளையில ஒரு போட்டோ எடுங்க. அதுல எல்லாம் ஒரே சாம்பலா இருந்தா, கண்ணுக்கு எத்தனை கலர் இருந்தாலும் க்வில்ட் சவசவன்னுதான் இருக்கும். அரக்கும் கரும்பச்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டோ எடுத்துப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு போயிரும். பட்டுச் சேலையில அழகா இருக்கிற சேர்க்கைதான், ஆனா அங்கே நடுவுல ஜரிகை ஓடிப் பிரிச்சுக் குடுக்குது.

லாக் கேபின்னு ஒரு பழைய அமைப்பு இதையே நம்பி நிக்குது. ஹவுஸ்டாப்புக்கு நெருங்கின சொந்தம். நடுச் சதுரத்தைச் சுத்தின பட்டைகள்ல ரெண்டு பக்கம் வெளிர், ரெண்டு பக்கம் அடர். அந்தக் கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைக்கிறதுலயே வைர வடிவம், சாய்கோடு, வெயிலும் நிழலும்னு எத்தனையோ வரும். ஒரு கட்டத்துல முப்பது வகைத் துணி இருந்தாலும் குழப்பமே வராது, வெளிர் அடர்ங்கிற ரெண்டே ஜாதி இருக்கிறதால.

நம்ம பக்கத்துலயும் இதைத் தெரிஞ்சவங்க உண்டு. தேர்ல தொங்குற தொம்பையைப் பாத்திருக்கீங்களா? தஞ்சாவூர்ப் பக்கம் துணிமேல துணி வெட்டி வச்சுத் தைக்கிற வேலை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. நாலு வீதி தள்ளி நின்னாலும் உருவம் தெரியணும், அதுக்கான வேலை அது. மாடர்ன் க்வில்ட்காரங்க சொல்ற கண்ணுல அடிக்கிற கலர், பெரிய உருவம், எல்லாம் அங்கே தேர்ல ஆடிக்கிட்டு வருது. மஞ்சள் பக்கத்துல வெள்ளை மங்கும்னா நடுவுல கறுப்பு ஓட விடுவாங்க. தேர்த் திருவிழாவுக்குப் போனா இந்தத் தடவை மேல பாருங்க.

20 ஜூன்

8ந் தேதி எழுதினதைத் திரும்பப் படிச்சேன். உருவத்தை வச்சுப் பிரிக்கச் சொன்னது சரிதான், ஆனா அது ப்ளவுஸ், பாவாடை மூட்டைக்குத்தான் நல்லா வேலை செய்யும். வீட்டுப் பழைய சட்டைக்கு உருவம் முக்கியமில்ல. அதுல தேய்மானம்தான் முக்கியம். காலர் மடிப்பு, பாக்கெட் அடி, கை முட்டி, அதையெல்லாம் முதல்ல கண்டுபிடிச்சு ஒதுக்குங்க. இதை ஜீஸ் பெண்ட் பத்தி எழுதும்போதே சொல்லியிருக்கணும், அங்கே போய் ஆத்துல மூழ்கிட்டேன்.

அப்புறம் மேட்சிங் சென்டர். வெளிநாட்டுக்காரங்க ஒரே நிறத் துணிக்கு எவ்வளவு அலையுறாங்க, கலர் அட்டையே காசு குடுத்து வாங்குறாங்க. நமக்கு எந்த ஊர் பஜாருக்குப் போனாலும் ஒரு கடையில தரையிலேருந்து கூரை வரைக்கும் டூ பை டூ, பாப்ளின் அடுக்கி வச்சிருப்பான். ஒரே ரோஸ்ல பத்து ரோஸ். சேலைத் தலைப்பை நீட்டினா போதும், கடைப்பையன் திரும்பிப் பாக்காமலே சரியான கட்டை உருவுவான். அந்தப் பையனுக்கு இருக்கிற கலர்க் கண் எனக்குக் கிடையாது. வெட்டுத் துணியோட சேர்க்க ஒரே ஒரு நிறம் வாங்கணும்னா மூட்டையில இருக்கிறதுலயே உங்களுக்குப் பிடிக்காத துண்டைக் கொண்டுபோய் அவன்கிட்ட நீட்டுங்க. பிடிச்ச துணிக்கு மேட்சிங் வாங்கினா பிடிக்காதது தனியா முறைச்சுக்கிட்டே நிக்கும். பிடிக்காததுக்குத் துணை குடுத்துட்டா மத்ததெல்லாம் தானே அடங்கும்.

டூ பை டூ மெல்லிசு, பின்பக்கத் தையல் தெரியும். போர்வைன்னா பாப்ளினே எடுங்க.

21 ஜூன்

"அடுத்தவங்க டிசைனைப் பாத்துத் தைக்கலாமா? ஜீஸ் பெண்ட் மாதிரியே தைச்சு விக்கிறாங்களே."

சுலபமான கேள்வி இல்ல. அந்த க்வில்ட் புகழடைஞ்ச பிறகு அந்த டிசைன்கள் மத்த வீட்டுச் சாமான்கள்லயும் ஏறி வியாபாரமாச்சு. 2007ல தைச்சவங்கள்ல சிலர், ஆனி மே யங், லொரெட்டா பெட்வே உட்பட, தங்களுக்குச் சேரவேண்டியது சேரலைன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 2008ல சமரசமா முடிஞ்சது.

நான் வச்சிருக்கிற வரம்பு இது. நடுவிலேருந்து பட்டை சுத்துறது யாருக்கும் சொந்தமில்ல, அதை எடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட க்வில்ட்டை அதே கலர், அதே கோணல், அதே ஒட்டோட நகலெடுத்தா வீட்டுல போத்திக்கலாம், விக்கக் கூடாது. கோணல்கூடவா நகலெடுப்பாங்கன்னு சிரிக்காதீங்க. வளைஞ்ச கோட்டை ஸ்கேல் வச்சு அளந்து வளைக்கிறவங்களை நேர்ல பாத்திருக்கேன்.

22 ஜூன்

மேலே எழுதினதுல ஒரு ஓட்டை இருக்குன்னு தனியா ஒருத்தங்க சொன்னாங்க. "யாருக்கும் சொந்தமில்ல"ன்னு சுலபமா சொல்லிட்டு, நாம எடுத்துக்கிட்டு பேரே சொல்லாம போறதும் உண்டே. உண்மை. பேரைச் சொல்லுங்க. காசா பணமா.

26 ஜூன்

மெஷின் இல்லாதவங்களுக்காக. கர்நாடகாவுல வட கன்னட மாவட்டம், எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு பக்கம் சித்தி மக்கள் இருக்காங்க. அவங்க முன்னோர்ல பலர் ஆப்பிரிக்காவிலேருந்து போர்த்துக்கீசியர் காலத்துல கோவாவுக்கு அடிமையாக் கொண்டுவரப்பட்டவங்க, அங்கேருந்து தப்பிக் காட்டுக்குள்ள வந்தவங்க. அவங்க பெண்கள் தைக்கிற போர்வைக்குக் கவண்டின்னு பேர்.

மத்த க்வில்ட்ல மேல்துணியை முதல்ல சேத்து முடிச்சு, பஞ்சு வச்சு, அடித்துணி வச்சு, அப்புறம் மூணையும் சேத்துத் தைப்போம். கவண்டியில இது எதுவும் கிடையாது. அடியில ஒரு பழைய சேலையை விரிச்சு, ஒரு மூலையில ஆரம்பிச்சு, துண்டோட ஓரத்தை உள்ளே மடிச்சு ஓடு தையல் போட்டுக்கிட்டே ஓரத்தைச் சுத்தி வரணும். சுத்து முடிஞ்சா அடுத்த சுத்து உள்பக்கம். கடைசியில நடுவுல வந்து முடியும். ஹவுஸ்டாப் நடுவிலேருந்து வெளியே போகுது, இது வெளியேருந்து நடுவுக்கு வருது. துணி சேர்க்கிறதும் தைக்கிறதும் ஒரே வேலை. தடிமனுக்கு அடியிலயும் துண்டுகளையே வைக்கலாம். நாலு மூலையிலயும் துணியை மடிச்சு முக்கோணமா வைப்பாங்க, அது ஃபூலா, பூ. அது வைக்காம கவண்டியை முடிஞ்சதா எடுத்துக்க மாட்டாங்க.

நான் தைச்சுப் பாத்ததுல எனக்குப் பிடிச்சது, முன்கூட்டி வரைய முடியாதுங்கிறதுதான். அடுத்த துண்டு எதுன்னு மட்டும் யோசிச்சா போதும். டிவி பாத்துக்கிட்டே தைக்கலாம். நடுவுக்கு வரும்போது எவ்வளவு இடம் மிஞ்சும்னு தெரியாது, அங்கேதான் கொஞ்சம் நெஞ்சு அடிச்சுக்கும். எனக்கு ஒரு கோணல் நாலுபக்கம் மிஞ்சுச்சு. அதுல எதை வைக்கிறதுன்னு ரெண்டு நாள் துண்டைப் புரட்டினேன், கடைசியில பச்சைக் கண்டாங்கியில ஒரு கட்டம் உக்காந்துச்சு.

உங்க கேள்விக்கு இதான் நேரான பதில்னு இப்ப தோணுது. யோசனை வந்த பிறகு தைக்கிறதுன்னு வச்சா நீங்க இன்னும் மூட்டையைப் பாத்துக்கிட்டேதான் இருப்பீங்க. ஒரு சட்டம் எடுத்துக்கிட்டு ஓரத்துல தொடங்குங்க.

27 ஜூன்

கண்டாங்கி சாயம் விடாதான்னு மூணு பேர். விடும். அரக்கு, கருநீலம், கரும்பச்சை எல்லாத்தையும் தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணியோட சேத்து ஊறப் போட்டுப் பாருங்க. வெள்ளை கறைபடாத வரைக்கும் அலசுங்க. உப்பும் வினிகரும் போட்டா சாயம் நிக்கும்னு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் வருது, இந்தக் காலத்துப் பருத்திச் சாயத்துக்கு அது பிரயோசனமில்ல. நாலு அலசலுக்கும் விட்டுக்கிட்டே இருந்தா அந்தத் துணி துவைக்காத சுவர் வேலைக்கு.

வெத்து இடத்துக்குக் காடாத் துணி எடுக்கிறவங்க அதையும் முதல்ல வெந்நீர்ல போட்டு எடுங்க. கஞ்சி போகணும், நல்லாச் சுருங்கவும் செய்யும். பளிச்சுன்னு இருக்கிற வெள்ளையை விட அந்தப் பழுப்பு வெள்ளையில நம்ம ஊர்க் கலர் நல்லா உக்காரும். பழைய வேட்டின்னா ஏற்கனவே சுருங்கி முடிஞ்சது, கவலையே இல்ல.

3 ஜூலை

கேள்வி கேட்டவங்க படம் போட்டிருக்காங்க, பாத்தீங்களா? பாவாடை முக்கோணங்களை எதிரெதிரா வச்சு, நடுவுல ஒரு பழைய சட்டையோட முதுகு. கறுப்பு வெள்ளையில மாத்திப் பாத்தேன், வலது கீழ் மூலை மட்டும் கொஞ்சம் மங்குது. பிரிக்காதீங்க. அந்த மூலையில ஓடு தையலை வெள்ளை நூல்ல நெருக்கமாப் போட்டா எழும்பி வரும்.

அடுத்து வீட்டுக்காரரோட பழைய ஜீன்ஸ்ல தைக்கப் போறேன்னு எழுதியிருக்கீங்க. அவர்கிட்டக் கேட்டுட்டீங்களா? 16ஆம் நம்பர் ஊசி போடுங்க, ப்ளவுஸுக்குப் போடுற 11ல தைச்சா உடைஞ்சு தெறிக்கும். தொடைப் பக்கத்து மடிப்புத் தையல் ரொம்பத் தடி, அதை வெட்டி ஒதுக்கிருங்க. ஒதுக்க மனசில்லைன்னா அந்த இடம் வரும்போது பெடல்லேருந்து காலை எடுத்துட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க.